அண்டா சாரும் உம் கொட்டும் பொத்தானும்

உலகத்திலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டரோடு பிரியாணி அண்டாவை இணைத்த மனிதர் எங்கள் அண்டா சார்தான். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ அவருக்கு முன்னால் யாராவது இணைத்திருந்தால் நிரூபிக்கட்டும், நான் இந்தப் பத்தி எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசி. செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டத்தை இறக்கி முழுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, மகாபலிபுரம் போய், அங்கிருந்து கடலோரமாக இன்னும் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஆபீஸ் வரும். அலை அளக்கும் ஆபீஸ். கடலுக்குள் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். அதில் இருந்த கருவி, அலை எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கொடுக்கும். அந்த நாடாவைக் கம்ப்யூட்டர் விழுங்கி, கணக்குப் போட்டு, பிரிண்டரில் எண்களாகக் கக்கும். அந்த எண்களைப் பட்டியல் போடும் கிளார்க் நான். "அலைய எண்ணுறதுக்குக் கூடவா சம்பளம் தர்றாங்க?" என்று என் அம்மா கடைசிவரை நம்பவே இல்லை.

கம்ப்யூட்டர் என்றதும் மேஜைமேல் டிவி மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது இரும்பு பீரோ. முன்பக்கம் கொஞ்சம் பொத்தான்கள். திரை கிடையாது. அது தன் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பிரிண்டர் வழியாகத்தான் சொல்லும். அந்த பீரோவுக்குப் பொறுப்பான இன்ஜினியர்தான் நம் கதாநாயகர். அப்போது அவருக்கு சாக்கெட் சார் என்று பெயர். அண்டா சாராகப் பதவி உயர்வு பெற்றது பிறகுதான்.

ஏன் சாக்கெட் சார்? பீரோவின் முதுகில் பிரிண்டரைச் செருகும் சாக்கெட் ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை. "அதுல எட்டுக் கம்பி இருக்கு வசந்தா. எட்டும் ஒரே நேரத்துல வேலை செய்யும். ஒரு எழுத்துன்னா எட்டுக் கம்பில எதெது உயிரோட இருக்கு, எதெது செத்துக் கிடக்குங்கறதுதான். அவ்ளோதான். பிரிண்டர்தான் மாட்டணும்னு சட்டமா? நான் எத வேணா மாட்டுவேன்." மாட்டவும் செய்தார். ஆயுத பூஜைக்கு எட்டு சீரியல் பல்புகளை அந்த சாக்கெட்டில் மாட்டி, சாமி படத்துக்குக் கம்ப்யூட்டர் விளக்கு போட்டார். பல்பு பிரமாதமாக எரிந்தது. பூஜை முடியும்வரை ஆபீஸில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

நல்ல மனிதர். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் வராந்தாவில் கால் வைத்தாலே ஆளுக்கொரு பக்கம் பறப்போம். கூட்டல் கழித்தல் தெரியாத கடைநிலை ஊழியர்கூட ஏதாவது ஃபைலைத் தூக்கி மூக்குக்கு நேராக வைத்துக்கொள்வார். நான் பெண்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தப்பிக்க முடியாமல் மாட்டியவர் கேண்டீன் காதர் பாய் ஒருவர்தான். கோவளத்துக்காரர். அடுப்பை விட்டு எங்கே ஓடுவார், பாவம்.

இப்படி இருக்கையில் பிரிண்டர் செத்துப்போனது. உப்புக்காற்று அதன் உள்ளே புகுந்து என்னென்னவோ தின்றுவிட்டது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வரவில்லை. அலை வருகிறது, நாடா வருகிறது, கம்ப்யூட்டர் கணக்கும் போடுகிறது, ஆனால் விடையைச் சொல்ல வாயில்லை. மெட்ராஸில் இருந்த எங்கள் பெரிய அதிகாரி ஒருநாள் போனில் சொல்லிவிட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வருஷத்து அலை ரிப்போர்ட் வராவிட்டால், பீரோவை லாரியில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டு போய்விடுவார்கள். சாரையும் மாற்றிவிடுவார்கள், ஏதோ ஒரு ஸ்டோர்ஸில் நாற்காலி மேஜைகளுக்கு நம்பர் போடும் வேலைக்கு.

அன்று சார் மதியம் சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவும் இல்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்து எங்களுக்குத்தான் பயம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கேண்டீனில் ஒரே சத்தம்.

"இன்னா சார், அண்டாவ எங்க தூக்கிக்கினு போற? சோறு வடிக்க வேணாவா?"

"பாய், இது நாட்டு வேலை."

"நாட்டு வேலைக்கு நாட்டாண்ட கேளு சார். அண்டா என்னுது."

கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாவைக் கழுவிய பிறகு சார் எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து சர்க்கார் கம்ப்யூட்டர், கேண்டீனில் பாத்திரம் கழுவி முடித்தால்தான் வேலை செய்யும்.

சாரின் யோசனை இதுதான். எண்களை மட்டும் சொல்ல நான்கு கம்பி போதும். ஒரு கம்பிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு, கடைசிக்கு எட்டு என்று மதிப்பு. எந்தெந்தக் கம்பிக்கு உயிர் இருக்கிறதோ அதையெல்லாம் கூட்டினால் எண் வந்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு காலிங் பெல்லின் சுத்தியலை மாட்டி, எதிரே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டார். ஒன்றுக்கு எவர்சில்வர் டம்ளர், இரண்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு, நான்குக்கு அண்டா மூடி, எட்டுக்கு அண்டா. டம்ளரும் தட்டும் சேர்ந்து அடித்தால் மூன்று. அண்டாவும் டம்ளரும் அடித்தால் ஒன்பது. எதுவுமே அடிக்காவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் வந்ததா, மிஷின் தூங்குகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்காக ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு சைக்கிள் பெல் கிணிங் என்று அடிக்கும். ஒரு வரி முடிந்தால் எல்லாப் பாத்திரமும் ஒன்றாகக் கெட்டிமேளம் கொட்டும்.

"எதுக்கு சார் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாலு பல்பு போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"பல்பப் பாத்தா பேப்பர எப்படிப் பாப்ப? கண்ணு எழுதட்டும், காது படிக்கட்டும்."

அதுதான் அவரிடம் எரிச்சல். பைத்தியக்காரத்தனமான காரியத்துக்கெல்லாம் கச்சிதமான காரணம் வைத்திருப்பார்.

முதல் நாள் கம்பியை நேராக பெல்லில் கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை. "அதுல வர்றது எறும்புக்கடி கரண்டு. குட்டி பல்பு எரியும், அண்டாவ எங்க அடிக்கும்?" என்று தானே கேட்டு, தானே தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் இருந்த ரேடியோவைப் பிரித்து டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துப் பற்றவைத்து, சின்னக் கரண்டு பெரிய கரண்டுக்குக் கட்டளை போடும்படி செய்தார். ரேடியோ போன வருத்தத்தில் அவர் மனைவி ஒரு வாரம் ரசம் மட்டும் வைத்தாராம். அதையும் அவரே சொன்னார்.

மறுபடி சுவிட்சைப் போட்டார். சைக்கிள் பெல் கிணிங் என்றது. டம்ளர் டிங் என்றது. எல்லோரும் கை தட்டினோம். பிறகு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தோம். காத்திருந்தோம். மிஷின் அப்படியே மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சார் தரையில் படுத்து, சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்து, கெஞ்சினார், திட்டினார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் பையை எடுத்தபோது திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"வசந்தா! யாரும் உம் கொட்டலம்மா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சார் விளக்கினார். பிரிண்டர் ஒரு எழுத்தை அடித்து முடித்ததும், வேறொரு கம்பி வழியாக 'ஆச்சு' என்று கம்ப்யூட்டருக்குத் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டால்தான் கம்ப்யூட்டர் அடுத்த எழுத்தை அனுப்பும். அண்டாவுக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியுமா? "கத சொல்றவன் உம் கொட்டாட்டி நிறுத்திடுவான் இல்ல? அதான். பாவம், அது நம்ம உம்முக்காகக் காத்துக்கினு நிக்குது" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. மிஷினுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

என் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு காலிங் பெல் பொத்தான் முளைத்தது. அதற்கு உம் பொத்தான் என்று பெயர். ஆடுகிற பாத்திரங்கள் கவனத்தைக் கலைக்கும் என்று என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். கிணிங், டங், எழுதுவேன், உம். கிணிங், டிங், எழுதுவேன், உம். கொஞ்ச நாளில் எனக்கு அது பாஷையாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறையைக் குலுக்கினால் விரல் தானாக உம் அமுக்கும். வீட்டில் அம்மா பாத்திரம் போட்டால், "ஆறு" என்பேன்.

ரிப்போர்ட் வளர்ந்தது. ஒருநாள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது. கடைசிப் பக்கங்களில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று இருந்தன. எட்டு, ஒன்பது இருந்தன. நாலு, ஐந்து, ஆறு, ஏழு எங்கேயுமே இல்லை.

"எங்கயோ தப்பு இருக்கு சார்" என்றேன்.

சார் பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. "தப்பா? இது கண்டுபிடிப்பும்மா! நம்ம கடலுக்கு ஒரு குணம் இருக்கு. மூணுக்கு மேல எழுந்தா நேரா எட்டுக்குத் தாவுது. நடுவுல நிக்கறதே இல்ல!"

"அலை என்ன சார், படி தாண்டிக் குதிக்குமா?"

"ஏன் குதிக்கக் கூடாது?"

நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுப் பெரிய அதிகாரியிடம் சொல்லிவிட்டார். பீரோவை இனி யாராலும் அசைக்க முடியாது என்று அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

அதிகாரி நேரிலேயே வந்தார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காரில் மனைவியும் இரண்டு மகள்களும். கண்டுபிடிப்பைப் பார்த்துவிட்டு, அப்படியே மகாபலிபுரத்தையும் பார்த்துவிடலாம் என்ற திட்டம் போலிருக்கிறது. மனைவியையும் மகள்களையும் காரில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர், தொங்கும் அண்டாவைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

"இதுதான் பிரிண்டரா?"

"ஆமா சார். உள்நாட்டுத் தயாரிப்பு."

நாடா ஓடியது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். மூன்று. எட்டு. பூஜ்யம். ஒன்பது. இரண்டு. ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தேன்; அதிகாரியின் புருவம் மேலே ஏறியிருந்தது. "நிஜமாவே நாலே வரலையே!" சார் நெஞ்சை நிமிர்த்தினார். அதிகாரி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து காதர் பாய் டீ டம்ளர்களோடு உள்ளே வந்தார். வந்தவர் அண்டா மூடியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்தார்.

"அய்ய! இது இன்னா இப்டியே கீது?"

டீத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, மூடியை ஒரு திருப்புத் திருப்பினார்.

கிணிங். டங்!

"நாலு" என்றேன். என்னையறியாமல் உம் அமுக்கினேன். டங், டிங். "ஐந்து." டங், டிங், டொக். "ஏழு."

வங்காள விரிகுடா ஒரு நொடியில் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. பாய்தான் பேசினார். "போன வெள்ளிக்கெழம பிரியாணிக்குத் தம் போட மூடிய எட்த்தேன் சார். அண்டா வாயச் சுத்தி மாவு ஒட்டுவோம் இல்ல, அது மூடில புட்ச்சிக்கிச்சு. சொரண்டினேன், வரல. மிஷினுக்கு முன்னால அசிங்கமா இருக்கக் கூடாதேன்னு சைடா திருப்பி மாட்னேன். ஒரு மருவாதிதான் சார்."

மூடி ஒருக்களித்துத் தொங்கியிருக்கிறது. சுத்தியல் காற்றை அடித்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதியதெல்லாம் குப்பை.

சார் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார். "நாளைக்குக் காலைல லாரி வரும்" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, வாசலில் நின்று திரும்பினார். "நான் இவங்களுக்குக் கோயிலெல்லாம் காட்டிட்டு இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள முழுசும் சரியா இருந்தா லாரிய நிறுத்தறேன். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க."

மறுபடி ஓட்ட வேண்டிய நாடாக்கள் மலையாகக் குவிந்திருந்தன. மகாபலிபுரமோ அப்படி ஒன்றும் பெரிய ஊர் இல்லை. சார் நாற்காலியில் சரிந்தார். அப்போது பாய் தோளில் துண்டைப் போட்டார். "நீ மோளத்த அடி சார். அவுங்கள நான் பாத்துக்கறேன்."

போய் அதிகாரியின் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார், கைடாக. அந்தப் பயணத்தைப் பற்றிப் பிறகு டிரைவர் சொல்லக் கேட்டோம். ஒவ்வொரு பாறைக்கும் பாய் ஒரு கதை வைத்திருந்தாராம். "யானயப் பாத்தீங்க. அதும் பின்னால பாக்கலியே!" கிளிஞ்சல் மாலைக் கடையில் மகள்களை விட்டு, விலை படியாமல் வெளியே வந்தவர்களை மறுபடி உள்ளே கூட்டிப்போனாராம். கலங்கரை விளக்கத்தில் ஏற்றி, இறக்கி, "மேல ஜன்னலாண்ட குடைய மறந்துட்டேன்" என்று மறுபடி ஏற்றினாராம். அவரிடம் குடையே கிடையாது.

இங்கே நாங்கள் அடித்தோம். நான் எழுத, சார் என் பக்கத்தில் குந்தி உம் பொத்தானை அமுக்கினார். அமுக்கும்போது வாயாலும் "உம்" என்றார், ஒவ்வொரு எண்ணுக்கும். ஆபீஸ் முழுக்க வந்து நின்றுவிட்டது. வழக்கமாக அவரைக் கண்டு ஓடுகிற கூட்டம், நான் ஒரு பக்கம் முடித்தால் வாங்கிச் சரிபார்த்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. வாசலில் கார் சத்தம் கேட்டபோது இன்னும் கொஞ்சம் பாக்கி.

அதிகாரியின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. கழுத்தில் கிளிஞ்சல் மாலை. கூடவே வந்த அவர் மனைவி, அண்டா பேசுவதையும் சார் உம் கொட்டுவதையும் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றதுக்கு நீங்க ஒரு நாளாவது இப்படி உம் கொட்டியிருக்கீங்களா?"

அதிகாரி கிளிஞ்சல் மாலையைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடிங்க, பாக்கலாம்" என்றார். கடைசி வரியின் கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரும் கத்தினோம். பாய் விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். லாரி வரவில்லை.

அடுத்த வருஷம் புதுப் பிரிண்டர் வந்தது. அண்டா நசுங்கிய வயிற்றோடு கேண்டீனுக்குத் திரும்பியது. சார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வேகமாத்தான் அடிக்குது. ஆனா அதுக்கு நாம யாரும் வேணாம்" என்றார்.

நான் கல்யாணமாகி ஆபீஸை விட்ட பிறகும், ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டு ஏரிப் பக்கம் குடியிருந்த அவரைப் போய்ப் பார்ப்பேன். முதல் தடவை போனபோதுதான் கவனித்தேன். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், என் முகத்தைப் பார்ப்பார். நான் "உம்" என்றால் அடுத்தது வரும். அவர் எப்போதும் இப்படித்தான் பேசியிருக்கிறார். நாங்கள்தான் நின்று பார்த்ததில்லை. அதற்கப்புறம் நான் ஒரு தடவையும் உம் கொட்டத் தவறியதில்லை. அந்த மனிதரின் பேச்சுக்காகவே பஸ் ஏறிப் போவேன் என்று பழைய வசந்தாவிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் படுத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனாலும் அந்தக் கதையைத்தான் ஆரம்பித்தார். பாய் மூடியைத் திருப்பியது, கார் திரும்பி வந்தது, எல்லாம் சொன்னார். "அப்போ அந்த லாரி..." என்று நிறுத்தினார். நான் உம் என்றேன். களைப்பில் கண் மூடியிருந்தது. தூங்கட்டும், மிச்சத்தை அடுத்த தடவை கேட்கலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த தடவை இல்லை.

நான் உம் கொட்டிவிட்டேன், சார். அப்புறம்?